தலைச்சுமையாக இறங்கிய மின்சாரம்

கம்பம் ஊரில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எதிரே தெரிகிற மலைதான். ஆனாலும் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டால் வேறு ராஜ்ஜியம். ராஜா வேறு, காசு வேறு, பேச்சு வேறு, சாப்பாடும் வேறு. உலகச் சண்டைக் காலத்தில் நானும் என் சம்பந்தியம்மாள் வெள்ளையம்மாளும் அந்தத் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்கு ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் வந்தோம். காசி ராமேசுவரம் போனவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். பேட்டரியோடு போனவள் நான்தான், ஆகையால் நான் எழுதுகிறேன்.

என் கொழுந்தன் மகன் சின்னச்சாமி ஏலக்காய் வியாபாரி. ஊரிலேயே முதல் ரேடியோப் பெட்டி அவன் வீட்டுக்குத்தான் வந்தது. ஊருக்குக் கரண்டு கிடையாது. பஸ்ஸில் இருக்கிற மாதிரி ஒரு கறுப்புப் பேட்டரி, அதில் வயரை மாட்டினால் ரேடியோ பேசும். சக்தி தீர்ந்துபோனால் கம்பத்து ரைஸ்மில்லுக்கு அனுப்பி ஏற்றி வாங்குவார்கள். சண்டை வந்து எண்ணெய்க்குத் தட்டுப்பாடு ஆனதும் மில்லுக்காரர் எஞ்சினைப் பூட்டிவிட்டார். ரேடியோவும் ஊமையாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சேதி வந்தது. என் தங்கை சின்னத்தாயி திருச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் போன பிறகு நான் அவளைப் பார்த்ததே கொஞ்சம். அவள் கொழுந்தனார் தேனிச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்தவர், வீடு தேடி வந்து சொன்னார்: "எங்க மதினி வர்ற வெள்ளிக்கிழமை பொழுது சாய ரேடியோவுல பாடுறாக. நடவுப் பாட்டு. ஆபீசுக்காரங்க வயலுக்கே வந்து கேட்டுட்டு, கூட்டிக்கிட்டுப் போறாக."

எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. எங்கள் ஆத்தா பாடின பாட்டு அது. ரேடியோவில் சின்னத்தாயி ஒருதரம் பாடினால் அந்தக் காற்றோடு போச்சு. இசைத்தட்டா, திருப்பிப் போட்டுக் கேட்க? வெள்ளிக்கிழமைக்குள் பேட்டரிக்கு உயிர் வந்தாக வேண்டும். குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடைத் தண்ணீரை வைத்தே கரண்டு எடுக்கிறார்கள், அங்கே பேட்டரிக்கு ஏற்றித் தருவார்கள் என்று சின்னச்சாமியே சொன்னான். போய்வரத்தான் அவனுக்குப் பொழுதில்லை. நான் கிளம்பினேன்.

புதன்கிழமை.

கிளம்புவதற்கு முன்னால் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பேட்டரிக்குள் இருப்பது திராவகம். போன தடவை மில்லுக்குப் போன வண்டியில் அது அலம்பி, வண்டிக்காரனுடைய வேட்டி சல்லடையாகிவிட்டது. மேலே மூன்று மூடி, ஒவ்வொரு மூடிக்கும் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. அந்த வழியாகத்தான் சிந்துகிறது. மலைத்தேனைக் குடுவையில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பும்போது நாங்கள் தேன்மெழுகால் வாயை அடைப்போம். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. அதே மெழுகில் கொஞ்சம் அடுப்புக்கரியைக் குழைத்து, மூன்று ஓட்டைகளையும் அடைத்து, விரலால் வழித்து மட்டம் பண்ணினேன். அடைத்த இடம் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து வந்ததே அப்படித்தான் என்று சொல்லும்படி இருந்தது.

வெள்ளையம்மாளுக்கு ஊர் தேவாரம். குமுளியில் மிளகு வாங்க வேண்டும் என்று என்னோடு வந்தாள். என் மகளின் மாமியார், எனக்கு மதினி முறை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏன் மதினி, தங்கச்சி பாட்டுக் கேக்கத் தங்கச்சி ஊருக்குப் போனாப் பத்தாதா? எதுக்கு எதுத்த தெசையில போறோம்?" என்றாள்.

"அங்கன போனா நான் மட்டுந்தான் கேப்பேன். இங்கன ஊரே கேக்கணும்" என்றேன்.

பெட்ரோல் இல்லாத காலம், பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். சமவெளியில் நன்றாகத்தான் வந்தது. மலையில் இரண்டு வளைவு ஏறியதும் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பீப்பாயைக் கிளறினார். ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளினார்கள். வெள்ளையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏலே, சோறு தின்னவன் மாதிரி தள்ளுங்கடா" என்று தைரியம் சொன்னாள். கீழே பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. அந்தத் தண்ணீர் நமக்கு நெல் கொடுக்கிறது. அதன் கூடப் பிறந்த ஓடை மேலே கரண்டு கொடுக்கிறது. நல்ல குடும்பம்.

பேட்டரியைச் சாக்கால் மூடி ஓலைக் கடகத்தில் வைத்திருந்தேன்; எல்லைச் சாவடியில் காவல்காரர் அந்தக் கடகத்தைப் பார்த்துவிட்டார். அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கிற காலம் அது. "என்ன அரிசியா, ஆத்தா?" என்றார்.

"அரிசிதான். கையை விட்டுப் பாருங்க, வெந்தே வரும்" என்றேன்.

சாக்கை விலக்கிப் பார்த்து, திராவகம் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வழிவிட்டார்.

தோட்டத்தை அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நம் ஊரில் மழை வந்தால் ஆள் வெளியே வந்து பார்ப்பார்கள். அங்கே மழையை யாரும் மதிக்கிறதில்லை. பேட்டரி ஏற்றுகிறவர் பெயர் மத்தாயி. தலை நரைத்த கோட்டயத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். மலையாளமாகப் பேசியதை நான் தமிழாக்கியே எழுதுகிறேன். மூடிகளைத் திறந்து உள்ளே தண்ணீர் மட்டம் பார்த்தார், திருகி மூடினார், தகரக் கொட்டகையில் வரிசையாக இருந்த மற்றப் பேட்டரிகளோடு சேர்த்து வயர் மாட்டினார். "பீடி, தீக்குச்சி எதுவும் இந்த வாசலுக்கு உள்ளே வரக் கூடாது, அம்மச்சி" என்றார். நாங்கள் பீடி குடிக்கிற வம்சமா என்று வெள்ளையம்மாள் முணுமுணுத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துக் காந்தாரி மிளகாயை அரைத்துச் சம்மந்தி என்கிற துவையல் வைத்தாள் மத்தாயியின் மனைவி அன்னம்மா. அரிசி அவர்களுக்கே இல்லை. கம்பங்கூழ் குடித்த வயிற்றுக்குக் கிழங்கு லேசாகத்தான் இருந்தது. மிளகாய் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

வியாழக்கிழமை.

காலையில் நாங்கள் வாசலில் பால் இல்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது கொட்டகையில் 'டப்' என்று ஒரு சத்தம். தேங்காயைக் கல்லில் அடித்த மாதிரி. அடுத்து தகரக் கூரையில் எதுவோ மோதி விழுந்தது. மத்தாயி ஓடிப்போய் முதலில் கரண்டை நிறுத்தினார். நான் பின்னாலேயே போனேன்.

எங்கள் பேட்டரியின் நடு மூடியைக் காணவில்லை. கூரையில் மோதி மூலையில் கிடந்தது. சுவரெல்லாம் திராவகப் பொட்டு. ஆணியில் மாட்டியிருந்த மத்தாயியின் கோட்டு முன்பக்கம் புகைந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் பக்கத்தில் இல்லாததால் மேலே படவில்லை. வெள்ளையம்மாள் மாரியம்மனை வேண்டிக்கொண்டாள்.

மத்தாயி மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மெழுகு வந்தது.

"யார் அடைச்சது இது?"

"நான்தான்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கரண்டு ஏறும்போது பேட்டரி உள்ளே கொதித்து ஒரு வாயு விடும். அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை. அந்த வாயு நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். ஒரு பொறி இருந்திருந்தால் இந்தக் கொட்டகை இங்கே இருக்காது, நானும் இருக்கமாட்டேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பிறகு பேட்டரியைக் கழற்றி என் காலடியில் வைத்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க, அம்மச்சி. இதை நான் தொடமாட்டேன்."

நான் எடுக்கவில்லை. "அண்ணாச்சி, நான் அடைச்சது உங்க கொட்டகைக்கு இல்ல. வழிக்கு. அடைக்காமக் கொண்டாந்திருந்தா பஸ்ஸுல யாரு மேலயாச்சும் கொட்டியிருக்கும். அது சரியா?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். பிறகு, போன மாதம் மலைப்பாதையில் மூடி சரியில்லாத பேட்டரி ஒன்று வண்டியில் கவிழ்ந்து காளையின் முதுகு வெந்துபோனதைச் சொன்னார். காளையைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "மூடினால் வெடிக்கும், திறந்தால் சிந்தும். அதுதான் இதிலே கஷ்டம். எனக்கும் வழி தெரியலே" என்றார்.

"மூடவும் வேண்டாம், கவுக்கவும் வேண்டாம். அதுக்கு வழி இருக்கு. ஏத்துறத நீங்க பாருங்க, எறக்குறத நான் பாக்குறேன்" என்றேன். எதற்காக இந்த அவசரம் என்று கேட்டார். தங்கை பாட்டைச் சொன்னேன். அன்னம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து மலையாளத்தில் ஏதோ சொன்னாள். 'கோட்டு பழசுதானே, பாட்டு புதுசு' என்கிற மாதிரி எனக்கு விளங்கியது. அவர் மூன்று மூடிகளையும் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்து, கழுவி, சிந்தினதைச் சரிக்கட்டி, மறுபடி வயர் மாட்டினார்.

அடுத்த சங்கடம் அப்போதுதான் வந்தது. முழுதாக ஏறச் சனிக்கிழமை ஆகிவிடும் என்றார். எனக்கோ வெள்ளி விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

"கரண்டைக் கூட்டிவிட்டால் விடிவதற்குள் நிறைத்துத் தரலாம். ஆனால் சூடேறும். உள்ளே இருக்கிற தட்டு வளைந்துவிடும். நாளைக்கு நன்றாகப் பாடும், அடுத்த மாதம் செத்துப்போகும். எது வேண்டும்?"

"என்ன கேள்வி மதினி, கூட்டச் சொல்லுங்க. பேட்டரி செத்தாச் சின்னச்சாமி வேற வாங்குவான்" என்றாள் வெள்ளையம்மாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பச்சை விறகை வைத்து ஊதி ஊதி எரித்தால் சோறு பொங்கும், அடி பிடிக்கும். தவிரவும் சின்னத்தாயி ஒரு தடவையோடு நிறுத்துகிறவள் இல்லை; மறுபடி பாடுவாள். "மெதுவாவே ஏத்துங்க. விடியிறவரைக்கும் ஏறுனது போதும். பாதி இருந்தா எவ்வளவு நேரம் பாடும்?" என்றேன்.

"சும்மா ரேடியோவைத் திறந்து வைக்காமல் இருந்தால் ஒரு சாயங்காலம் வரும்."

"ஒரு சாயங்காலந்தான் வேணும்."

அன்றைக்குச் சாயங்காலம் மத்தாயி சாந்தமாகிவிட்டார். கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்து, இனி வரப்போகிற பேட்டரிகளைப் பற்றிப் பேசினார். திராவகமே இல்லாமல் வரும், கவிழ்த்தாலும் சிந்தாது, உள்ளங்கை அகலம்தான் இருக்கும், அதிலே வண்டி ஓடும், வீட்டுக்கு விளக்கு எரியும், ஏற்றி ஏற்றி வருஷக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துத் துரையே சொன்னாராம்.

வெள்ளையம்மாள் நம்பவில்லை. நான் நம்பினேன். பனைமரத்தில் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டு, திருச்சியில் பாடுவதை நம் ஊரில் கேட்கலாம் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள். இதுவும் வரும். நம் பக்கத்துப் பெண்கள் வெற்றிலைப் பையோடு பேட்டரியையும் இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள் என்றேன்.

"இடுப்புல இருந்து 'டப்'புன்னு மூடி பறந்தா?" என்றாள் அவள்.

"அதுக்குத்தான் சொல்றேன். நேத்து ராத்திரி தின்னீகளே, காந்தாரி மொளகா. நம்ம சம்பா மொளகா நீளத்துல கால்வாசி இல்ல. காரம் எப்படி இருந்துச்சு? சிறுசாக ஆக உள்ள இருக்கிறது முறுக்கேறும். பேட்டரியும் அப்படித்தான். சிறுசாக்குங்க, வேணாங்கல. மூச்சுவிட ஒரு வழி வச்சுச் செய்யுங்க. அத எந்த மகராசியும் மெழுக வச்சு அடைக்க முடியாதபடி செய்யுங்க."

மத்தாயி சத்தமாகச் சிரித்தார். "துரைகிட்டே சொல்கிறேன், அம்மச்சி" என்றார். சொன்னாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் அன்னம்மாவிடம் இரண்டு பொருள் கேட்டேன்: அகலமான மண்சட்டி, அடுப்புச் சாம்பல். புளிக்குழம்பைப் பித்தளையில் வைத்தால் பித்தளையைத் தின்னும், மண்சட்டியைத் தின்னாது. திராவகமும் ஒரு புளிப்புத்தானே. சட்டியில் சாம்பலைப் பரப்பி, நடுவில் பேட்டரியை நிறுத்தி, சுற்றிலும் சாம்பலைத் திணித்தேன். சிந்தினால் சாம்பல் குடித்துக்கொள்ளும், புளிப்பும் செத்துப்போகும். மேலே ஓட்டைகள் மூன்றும் திறந்தபடி இருந்தன. மத்தாயி குனிந்து பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே" என்றார். தன் மனைவியிடம் இன்னும் இரண்டு சட்டி எடுத்து வைக்கச் சொன்னார்.

குமுளியில் பஸ் ஏறினோம். கண்டக்டர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏத்தின பேட்டரியா?"

"ஆமா."

"வர்றப்ப செத்துக் கிடந்துச்சு, ஏத்திக்கிட்டேன். இப்ப உசுரோட இருக்கு. பின்னால கரி நெருப்பு, நடுவுல இது. வேணாம் ஆத்தா."

புதன்கிழமையாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். மூடி பறந்ததைப் பார்த்த பிறகு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. "நீங்க சொல்றது சரி" என்று இறங்கிவிட்டேன். வெள்ளையம்மாள் என்னையே பார்த்தாள். ஒருவர் சொன்னதை நான் 'சரி' என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"இப்ப என்ன மதினி செய்யிறது?"

"நடக்குறது."

முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாள் முதல் ஆற்றிலிருந்து இரண்டு குடம் அடுக்கி, கரையேறி, வரப்பில் நடந்து வீடு சேர்ந்த தலை இது. தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைச் சிந்தாமல் கொண்டு வருவதற்கு மூடியா போட்டோம்? இடுப்பு ஆடலாம், கழுத்து ஆடக் கூடாது. அவ்வளவுதான். பாரமும் நிறைகுடத்தைவிடக் குறைவுதான்.

குமுளியிலிருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை அப்படியே இறங்கினேன். குறுக்குப் பாதை இறக்கம் வேகம். ஆனால் கால் சறுக்கும். ரோட்டு வழியே வந்தேன். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூட்டம் எதிரே வந்தது. ஒருத்தி, "என்ன பெரியாத்தா, மொளப்பாரியா?" என்று கேட்டாள்.

"கரண்டு" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நல்லதுதான், வழிவிட்டுப் போனார்கள்.

வழியில் வெள்ளையம்மாள் சும்மா வரவில்லை. தன் மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து, "கல்லு... பள்ளம்... மாட்டுச் சாணி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். என்னால் குனிய முடியாதல்லவா. அந்த வாய் நீளம் அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது. மூன்று இடத்தில் மட்டும் இறக்கி வைத்தோம். சாம்பலில் ஓர் ஈரப்பொட்டு இல்லை.

லோயர் கேம்ப்பில் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் சட்டியை வண்டியில் வைக்கச் சொன்னார். காளையின் நினைப்பு வந்தது. "அது என் மடியிலயே இருக்கட்டும்" என்று சொல்லி, மடியில் வைத்துக்கொண்டே கம்பம் தாண்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சின்னச்சாமி வீட்டு வாசலில் சனம் நிறைந்திருந்தது. அவன் வயரை மாட்டினதும், "முதல்ல சண்டைச் செய்தி போடுறேன் பெரியாத்தா, எல்லாரும் அதத்தான் கேக்குறாக" என்று குமிழில் கையை வைத்தான்.

"கைய எடு. இருக்கிறது அரைவயித்துக் கஞ்சி. என் தங்கச்சி குடிச்சது போக மிச்சந்தான் சண்டைக்கு" என்றேன். முறுமுறுத்தார்கள். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நேரம் வந்ததும் அவனைத் திருகச் சொன்னேன்.

கரகரவென்று ஏதோ வந்தது. ஒருவர் பேசினார். அதற்குப் பிறகு, ஆணி அடித்த மாதிரி, எங்கள் சின்னத்தாயி.

'நாத்து முடியெடுத்து நாலுவரப்புத் தாண்டி வந்தோம்
காத்து வரும் தெசையப் பாத்துக் கைநடவு போடுங்கடி'

குரலில் கொஞ்சம் வயசு ஏறியிருந்தது. மற்றபடி அவளேதான்.

எங்கள் நடவுப் பாட்டில் ஒரு பழக்கம் உண்டு. முன்பாட்டுக்காரி இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்துவாள். வயலில் இருக்கிறவர்கள் எல்லாம், "ஆமடி தாயே, ஆமடி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த அடி. அவர்கள் நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அந்த இடம். சின்னத்தாயி இரண்டு அடி பாடினாள், நிறுத்தினாள். அங்கே அவளுக்குப் பின்பாட்டு யாரும் வைக்கவில்லை போலிருக்கிறது. பெட்டி சும்மா கரகரத்தது.

"நின்னு போச்சு, பேட்டரி தீந்துருச்சு" என்று சின்னச்சாமி எழுந்தான். எனக்குத் தெரியும், தீரவில்லை.

"ஆமடி தாயே, ஆமடி" என்றேன்.

அவள் அடுத்த அடியை எடுத்தாள்.

மறுபடி இரண்டு அடி, மறுபடி நிறுத்தினாள். இந்தத் தடவை வெள்ளையம்மாளும் சேர்ந்துகொண்டாள். அதற்கடுத்த தடவை வாசலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். திருச்சியில் இருந்து அவள் கேட்டுவிட்டுத்தான் பாடினாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவைகூட நாங்கள் முடிக்கும் முன்னே அவள் தொடங்கவில்லை.

பாட்டு முடிந்து யாரோ உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானே குமிழைத் திருகி அணைத்தேன்.

"பெரியாத்தா, சண்டைச் செய்தி" என்றான் சின்னச்சாமி.

"அது நாளைக்கும் நடக்கும்" என்றேன். வயரைக் கழற்றச் சொல்லி, பேட்டரியைச் சாம்பல் சட்டியில் வைத்தேன். யாரோ தூசி விழும் என்று துணியைக் கொண்டுவந்து மேலே அழுத்திப் போர்த்தப் பார்த்தார்கள். அதை வாங்கித் தூர வைத்தேன்.